அழுத்தப்படாத பொத்தான்

2014 மார்ச். சுங்கை பஞ்சாங்கில் வாரக்கணக்கில் மழை இல்லை. அந்த வருடம் எனக்கு எஸ்பிஎம். பள்ளி விட்டு வந்தால் சட்டைக்காலரில் புகை வாசம் அடிக்கும். எங்கள் தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கடைசிப் பாரிட்டைத் தாண்டினால் சதுப்புக்காடு. தெற்கே ராஜா மூசா வரை நீளும் வட சிலாங்கூர் சதுப்புக்காட்டின் ஒரு விளிம்புதான் எங்கள் வேலி.

அங்கே இருப்பது கரிமண். மலாயில் தானா காம்பூட் என்பார்கள். ஆயிரக்கணக்கான வருடங்களாகத் தண்ணீரில் மக்காமல் கிடந்த இலை, வேர், கட்டை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மண். காய்ந்துவிட்டால் அதுவே விறகு. தீ மேலே தெரியாது. தரைக்கு அடியில் நாள்கணக்கில் ஊர்ந்துகொண்டே இருக்கும். மேலே தண்ணீர் பீய்ச்சினால் அணையாது. வாய்க்கால்களை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, நிலத்தையே ஊற வைக்க வேண்டும்.

அதனால்தான் கரிமண் தீ என்றால் ஒரு இலாகா மட்டும் வந்து தீர்க்கிற வேலை கிடையாது. அன்றைக்கு பொம்பா வந்திருந்தார்கள். காட்டு இலாகா வந்திருந்தது. மதகுகளைத் திறந்து மூட வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆட்கள். பொதுத் தற்காப்புப் படையினர். இவர்களோடு எங்கள் தோட்டத்து ஆட்கள் இருபது பேர். எல்லார் இடுப்பிலும் வாக்கி-டாக்கி. ஒருவர் செட்டில் பேசுவது இன்னொருவர் செட்டில் கேட்காது. அப்பா அப்போது மண்டோர். தன்னுடைய ஹோண்டா கப் மோட்டாரில் பாரிட் ஓரமாக மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தார். "பம்பை அந்தப் பக்கம் நகத்தச் சொல்றாங்க", "மதகை இன்னும் ரெண்டு பலகை ஏத்தணுமாம்." இவர் சொல்லி அவர் கேட்டு, அவர் சொல்லி இவர் கேட்டு. நான் பின்னால் உட்கார்ந்து தண்ணீர் போத்தல்களைப் பிடித்திருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் எங்கள் தோட்டத்து வங்காளதேசத் தொழிலாளி ஒருவருக்குக் கால் உள்ளே போய்விட்டது. மேலே சாம்பல் பூத்த தரை, கீழே கனல். முழங்கால்வரை இறங்கி, அலறிக்கொண்டு வெளியே இழுத்தார். கிராணி ஆபீசுக்கு எங்கள் செட்டில் தகவல் போனது. கிராணி கிளினிக்குக்குப் போன் போட்டார். அங்கே எடுத்தவர், "ஆம்புலன்ஸ் உங்க தோட்டத்துக்குத்தானே காலையிலயே போயிருக்கு" என்றார். ஆமாம், போயிருந்தது. பாரிட்டின் அந்தக் கரையில், முந்நூறு மீட்டர் தூரத்தில், புகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அதிலும் ஒரு வானொலி இருந்தது.

அப்பா பாலத்தைச் சுற்றிப் போய் அழைத்து வந்தார். கால் உள்ளே போனதிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது வரை ஏறக்குறைய இருபது நிமிடம். அந்தத் தொழிலாளிக்குப் பிறகு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் வந்திருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அன்று இரவு அப்பா வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "கத்தினா கேக்குற தூரம்டா தம்பி. எல்லார் கையிலயும் செட்டு இருக்கு. ஆனா பேச முடியல."

பிறகு நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தேன். அந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பது அங்கேதான் தெரிந்தது.

தோட்டங்களில் ஒரு காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. பெரட்டு மணி அடித்தால் லயத்தில் எல்லாருக்கும் கேட்கும். தீ என்றாலும் அதே மணிதான். அடிக்கிற விதம் வேறு. கேட்பதற்கு யாரிடமும் கருவி இருக்க வேண்டியதில்லை. தோட்டத்துக்கே ஒரு தொலைபேசி, அது ஆபீசில். வெளி உலகத்தோடு பேசுவது துரையும் கிராணியும் மட்டும். மணி சத்தம் தோட்ட எல்லையைத் தாண்டாது. ஆனால் எல்லைக்குள் எல்லாரையும் எட்டும். கருவிகள் வந்தபின் தூரம் கூடியது. கூடவே, யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்ற பிரிவும் வந்தது.

இந்தப் பிரிவுக்கு யாரும் சதி செய்யவில்லை. போலீஸ் தன் தேவைக்கு வாங்கியது, தீயணைப்பு தன் தேவைக்கு, மருத்துவம் தன் தேவைக்கு. வேறு வேறு ஆண்டு, வேறு வேறு பட்ஜெட், வேறு வேறு விற்பனையாளர். இரண்டு செட்டுகள் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் ஒரே அலைவரிசையில் இருக்க வேண்டும். அடுத்து, குரலை அலையாக மாற்றும் முறை ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் தோட்டத்துப் பழைய அனலாக் செட்டுக்கு டிஜிட்டல் செட்டின் பேச்சு வெறும் இரைச்சல்தான். இரண்டும் பொருந்தினாலும் ஒரே பேச்சுக்குழுவில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், மறையாக்கச் சாவி பொருந்த வேண்டும். இவை மூன்றையும் தொழில்நுட்பத் தரங்கள் பார்த்துக்கொள்ளும். நான்காவதாக ஒன்று உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மலேசியாவில் இந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தது ஹைலண்ட் டவர்ஸ். 1993 டிசம்பர் 11, உலு கிள்ளானில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்தது. 48 பேர் இறந்தார்கள். வெளிநாட்டு மீட்புக் குழுக்களும் வந்தன. அத்தனை படைகள் ஒரே இடிபாட்டின்மேல் நின்றபோது யார் தலைமை, யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது பெரிய கேள்வியானது. 1994இல் ஸ்மார்ட் என்ற சிறப்பு மீட்புக் குழு உருவானது. 1997இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் ஆணை வந்தது. மாவட்ட அளவில் பேரிடர் நடந்தால் களத் தளபதி மாவட்டப் போலீஸ் தலைவர். அவருக்குத் துணை பொம்பா அதிகாரி. களத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டங்களாகப் பிரிப்பது, களக் கட்டுப்பாட்டு நிலையம் எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு.

தாளில் பிரச்சினை பாதி தீர்ந்துவிட்டது. ஆனால் பொதுமக்களுக்கு அப்போதும் எண்கள் தனித்தனி. போலீசுக்கு 999, பொம்பாவுக்கு 994, பொதுத் தற்காப்புக்கு 991. எல்லாவற்றையும் ஒரே 999க்குள் கொண்டுவரும் திட்டம் 2007இல்தான் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2005 ஆகஸ்ட் 11, புகைமூட்டக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கோலா சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவித்தார்கள். எனக்கு எட்டு வயது. பக்கத்து மாவட்டத்தில் அவசரநிலை என்று வானொலியில் கேட்டுவிட்டு அம்மா ஈரத்துண்டுகளைச் சன்னலில் தொங்கவிட்டது ஞாபகம் இருக்கிறது.

களப்படைகளுக்கு இடையே பேச டெட்ரா என்ற தரம் வந்திருந்தது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் 1990களின் நடுவில் வெளியிட்டது. 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு தடத்தில் நான்கு உரையாடல்களை அடக்கலாம். கோபுரம் போனாலும் செட்டுக்குச் செட்டு நேரடியாகப் பேசலாம். மலேசிய அரசின் ஒருங்கிணைந்த வானொலி வலையும் டெட்ராதான். அமெரிக்கர்கள் 1989 முதல் பி25 என்று தங்களுக்கென ஒரு தரத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தரம் இருந்தும் என்ன ஆகும் என்பதை 2001 செப்டம்பர் 11 காட்டியது. அன்று நியூயார்க்கில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் வடக்குக் கோபுரம் ரொம்ப நேரம் தாங்காது என்று பார்த்துச் சொன்னார்கள். அது போலீஸ் வானொலியில் போனது. படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களின் வானொலி வேறு. தீயணைப்பு அதிகாரிகளும் வெளியேறச் சொல்லி உத்தரவு கொடுத்தார்கள். அது பலரை எட்டவே இல்லை.

விசாரணை ஆணையத்தின் அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. 1993 குண்டுவெடிப்பில் வானொலி எட்டவில்லை என்பதால் அந்த வளாகத்தில் ஒரு ரிப்பீட்டர் வைத்திருந்தார்கள். உயரமான தளங்களுக்கு அலையைத் தூக்கிக் கொடுக்கும் கருவி. அதை இயக்கக் கட்டுப்பாட்டு மேசையில் இரண்டு பொத்தான்கள். ஒன்று ரிப்பீட்டரை எழுப்பும். இன்னொன்று அந்த மேசையில் இருக்கும் கைப்பேசியைச் செயல்படுத்தும். அன்று முதல் பொத்தானை அழுத்தினார்கள், இரண்டாவதை அழுத்தவில்லை. வடக்குக் கோபுர அதிகாரிகள் சோதித்துப் பார்த்தார்கள், சத்தம் வரவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று முடிவுசெய்து வேறு தடத்துக்கு மாறினார்கள். கருவி கெடவில்லை. தெற்குக் கோபுரத்தில் ஏறியவர்கள் அதே ரிப்பீட்டரில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தைப் படித்தது பல்கலைக்கழக நூலகத்தில். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

நியூயார்க்குக்குப் பிறகு அமெரிக்கா இதற்கு எடுத்துக்கொண்ட காலம் பத்தாண்டுக்கு மேல். 2012இல்தான் ஃபர்ஸ்ட்நெட் என்ற தேசிய வலைக்குச் சட்டம் வந்தது. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் மீட்புப் படைகளுக்கென ஒதுக்கினார்கள். இம்முறை தனி வானொலித் தொழில்நுட்பம் வேண்டாம், எல்லாரும் பயன்படுத்தும் எல்டிஇ கைப்பேசி வலையையே மீட்புப் பணிக்கும் வளைப்போம் என்று முடிவு. காரணம் எளிது. டெட்ரா குரலுக்குச் சிறந்தது. ஆனால் நான்கு இடங்களையும் சேர்த்தாலும் விநாடிக்கு 28.8 கிலோபிட்தான். வரைபடம், படம், காணொளி எதுவும் அதில் ஓடாது. அதோடு, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் செய்யப்படும் சில்லுகளைப் பயன்படுத்தினால் செட்டின் விலையும் இறங்கும்.

2014க்குத் திரும்புகிறேன். எங்கள் தோட்டத்துத் தீ அணைந்த அடுத்த மாதம், ஏப்ரல் 16, தென்கொரியாவில் செவோல் கப்பல் கவிழ்ந்தது. 304 பேர், பெரும்பாலோர் என் வயதுப் பள்ளி மாணவர்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பாடம் கிடைத்திருந்தது. 2003இல் தேகு சுரங்க ரயில் தீயில் 192 பேர் இறந்தபின் படைகளுக்கான ஒருங்கிணைந்த வானொலி வலை வேண்டும் என்று பேசினார்கள். செலவு, தொழில்நுட்பத் தேர்வு என்று வாதம் பத்தாண்டு இழுத்தது. செவோல் நடந்த சில மாதங்களிலேயே எல்டிஇயில் கட்டுவதென்று முடிவெடுத்துவிட்டார்கள்.

அதே வருடக் கடைசியில் நம் கிழக்குக்கரை. கிளந்தானில் வெள்ளம் வந்தபோது நாடு முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். கோலா கிராய், டாபோங் பக்கம் மின்சாரமும் போனது, தொடர்பும் போனது. அடுத்த அக்டோபரில் நட்மா என்ற தேசியப் பேரிடர் நிர்வாக அமைப்பு உருவானது. ஒவ்வொரு அமைப்புக்கும் முன்னால் ஒரு விபத்தின் தேதி இருக்கிறது. இந்த வரலாற்றைப் படிப்பவர்கள் இதிலிருந்து தப்ப முடியாது.

இந்த ஆண்டுகளில்தான் 3ஜிபிபி, கைப்பேசித் தரங்களை எழுதும் உலகக் கூட்டமைப்பு, மீட்புப் படைகளுக்கான பகுதிகளைச் சேர்த்தது. 2015இல் முடிந்த 12ஆம் வெளியீட்டில், கோபுரம் இல்லாமல் கைப்பேசிகள் ஒன்றோடொன்று பேசும் வழி. 2016இல் 13ஆம் வெளியீட்டில், வாக்கி-டாக்கியைப்போல அழுத்திப் பேசும் குழு அழைப்பு. அடுத்ததில் காணொளியும் தரவும். பிறகு பழைய டெட்ரா, பி25 செட்டுகளோடு இணைக்கும் வழி. நெரிசலில் சாதாரண அழைப்புகளைத் தள்ளிவைத்து மீட்புப் படையின் அழைப்பை முன்னே விடும் முன்னுரிமையும் அதில் உண்டு.

22.179 என்ற ஆவணத்தில் ஒரு வரி: பொத்தானை அழுத்தியதிலிருந்து பேச அனுமதி கிடைக்க 300 மில்லி விநாடிக்கு மேல் ஆகக்கூடாது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறையாவது. அதைப் படித்தபோது அப்பாவின் இருபது நிமிடத்தைக் கணக்குப் போட்டேன். நாலாயிரம் மடங்கு.

13ஆம் வெளியீட்டில் எனக்குப் பிடித்த இன்னொரு பகுதி, தனித்துவிடப்பட்ட கோபுரத்தைப் பற்றியது. வெள்ளத்தில் கேபிள் அறுந்து மைய வலையிலிருந்து துண்டிக்கப்பட்டாலும், மின்சாரம் இருக்கும்வரை அந்தக் கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் மீட்புப் படைகளைப் பேச வைக்க வேண்டும். வெளியே பேச முடியாது, ஆனால் உள்ளே பேசலாம். பெரட்டு மணியும் அப்படித்தானே.

தரத்தில் எழுதுவது வேறு, களத்தில் இருப்பது வேறு என்பதை 2021இல் பார்த்தேன். டிசம்பர் 15 மலேசியாவில் 5ஜி தொடங்கியது. புத்ராஜெயா, சைபர்ஜெயா, கோலாலம்பூரின் சில பகுதிகள். மூன்று நாள் கழித்து ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் மேல்மாடிவரை தண்ணீர். நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான். கண்காணிப்புத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். பாதுகாப்புக்காக மின்நிலையங்களை நிறுத்தியதும் கோபுரங்கள் பேட்டரிக்கு மாறின. பேட்டரி சில மணிநேரம்தான். பச்சைப் புள்ளிகள் மஞ்சளாகி, பிறகு ஒன்றொன்றாகச் சிவப்பாகின. ஒவ்வொரு சிவப்புப் புள்ளிக்குக் கீழும் கூரைமேல் நிற்கும் குடும்பங்கள் இருந்தன, கையில் போன் இருந்தது. படகில் போன இளைஞர்கள் பலர் எந்தப் படையையும் சேர்ந்தவர்கள் இல்லை. கிள்ளானிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் தாங்களாகவே வந்தவர்கள். வாட்ஸ்அப்பில் வந்த முகவரியை வைத்துத் தேடினார்கள். முகவரி அனுப்பியவரின் போன் அதற்குள் அணைந்திருக்கும்.

நான்காவது விஷயத்துக்கு வருகிறேன்.

தென்கொரியா 2021இல் தன் வலையைக் கட்டி முடித்தது. நாடு முழுக்க, நிலத்திலும் கடற்கரையோரத்திலும், 700 மெகாஹெர்ட்ஸில், 3ஜிபிபி தரப்படி. போலீஸ், தீயணைப்பு, மருத்துவம், உள்ளாட்சி எல்லார் கையிலும் ஒரே வகைச் செட்டு. எங்கள் துறைக் கூட்டங்களில் எடுத்துக்காட்டு என்றால் அதுதான். அடுத்த வருடம் அக்டோபர் 29, சியோலின் இதேவோன் சந்தில் கூட்ட நெரிசலில் 159 பேர் இறந்தார்கள். மாலை 6.34க்கே முதல் எச்சரிக்கை அழைப்பு போலீசுக்கு வந்தது. நெரிசல் உச்சத்துக்குப் போகுமுன் மொத்தம் பதினோரு அழைப்புகள். பிறகு விசாரித்தபோது தெரிந்தது: வலை வேலை செய்தது, செட்டுகள் வேலை செய்தன. ஒவ்வொரு படையும் தனக்குள்ளேயே பேசிக்கொண்டது. படை தாண்டிப் பேசும் குழுவைக் கிட்டத்தட்ட யாரும் பயன்படுத்தவில்லை.

நியூயார்க்கில் ஒரு பொத்தான். சியோலிலும் ஒரு பொத்தான்தான், செட்டின் திரையில். இரண்டுக்கும் நடுவில் இருபத்தொரு வருடம், பல நூறு கோடி டாலர், ஆயிரக்கணக்கான பக்கத் தரங்கள்.

தரங்கள் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றை வைத்துத்தான் எனக்குச் சோறு. தரம் இல்லாதபோது அப்பாவைப் போன்றவர்கள் மோட்டாரில் ஓட வேண்டியிருந்தது. அதில் ஒரு மனிதனின் கால் பணயமாகியது. ஆனால் தரம் ஒரு பாதையைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான். அந்தப் பாதையில் நடந்து பழகியிருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் யார், அவரைக் கூப்பிட எந்தக் குழு, கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொள்வாரா என்பதெல்லாம் 3ஜிபிபி ஆவணத்தில் கிடைக்காது. வருடத்துக்கு நான்கு முறையாவது எல்லாரும் ஒன்றாக நின்று அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இந்தத் தரங்களில் பயனர் என்றால் அங்கீகரிக்கப்பட்ட படையின் உறுப்பினர். பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் வட சிலாங்கூரில் தீயின் பக்கத்தில் முதலில் நிற்பவர் தோட்டத்து ஆள். தாமான் ஸ்ரீ மூடாவில் பல வீடுகளுக்கு முதலில் போனது படகு வைத்திருந்த பையன். அவர்களுக்கு எந்தப் பேச்சுக்குழுவிலும் இடம் இல்லை. களத் தளபதியின் அனுமதியோடு ஒரு தோட்டத்தையோ தொண்டூழியர் குழுவையோ சில மணிநேரத்துக்கு உள்ளே சேர்த்துக்கொள்ள இந்தத் தொழில்நுட்பத்தால் முடியும். குழுக்களைப் பறக்கும்போதே உருவாக்கலாம், கலைக்கலாம். அதற்கான நடைமுறையை எழுத வேண்டியது பொறியாளர்கள் மட்டும் இல்லை. அந்த 20ஆம் எண் ஆணையைப் போன்ற தாள்களில் அது வர வேண்டும்.

2019 அக்டோபரில் பழைய அனலாக் தொலைக்காட்சியை நாடு முழுக்க நிறுத்தியபின் நம் நாட்டிலும் 700 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசிக்கு வந்துவிட்டது. தூரம் போகும் அலை அது. போன மாதம் வீட்டுக்குப் போனபோது கடைசிப் பாரிட்வரை நடந்து அளந்து பார்த்தேன். பெரிய ரோட்டில் நன்றாக இருக்கிறது. செம்பனை வரிசைக்குள் போகப்போக இறங்குகிறது. சதுப்புக்காட்டு ஓரத்தில் ஒரு கோடு வந்து வந்து போகிறது. ஈர ஓலைகள் அலையைக் குடித்துவிடும்.

அப்பா பின்னால் நடந்து வந்தார். வேலையை விட்டு மூன்று வருடமாகிறது.

"இப்பன்னா அந்தக் கரைல உள்ளவங்களோட பேசலாமாடா?"

"பேசலாம்ப்பா. கருவி வந்துருச்சு. ஆனா..."

"யார்கிட்ட பேசணும்னு தெரியணும். அதானே?"

வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்துக் காட்டினார். மளிகைக் கடையில் கடன் எழுதுவதற்கு வாங்குவோமே, அந்தச் சின்னப் புத்தகம். 2014க்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியும், வறட்சி தொடங்குமுன், அவராகவே பொம்பா நிலையம், காட்டு இலாகா, மதகுக்காரர், கிளினிக்கு ஆம்புலன்ஸ் டிரைவர் என்று ஒவ்வொருவரையும் போய்ப் பார்த்திருக்கிறார். தே தாரிக் குடித்து, பேர் கேட்டு, நம்பர் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. மாற்றலாகிப் போனவர் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் புதியவர் பெயர். சில வரிகளில் நான்கு பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. கடைசிப் பக்கத்தில் இருந்த தேதி, அவர் வேலையை விட்ட வருடத்து ஜனவரி.

"புது மண்டோர்கிட்ட குடுத்தீங்களாப்பா?"

"குடுத்தேன். போன்லதான் எல்லாம் இருக்கேன்னு சிரிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு."

ஜனவரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. புத்தகத்தை என் பைக்குள் வைத்திருக்கிறேன். லீவு போட வேண்டும்.